சேலம், ஏற்காடு வாசிகளுக்கு: உரிமம் பெற்று உடன் வைத்திருக்க ஏற்ற கைத்துப்பாக்கியும் தோட்டாவும்

இணையத்தில் கைத்துப்பாக்கி பற்றித் தேடினால் வருவதில் முக்கால்வாசி அமெரிக்கர்களுக்காக எழுதியது. அதைப் படித்துவிட்டு, “சின்னதா ஒரு 9 எம்.எம். பிஸ்டல், இடுப்புல தெரியாம வெச்சுக்கற மாதிரி” என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவார். நம் நாட்டில் 9 எம்.எம்., .38, .455 எல்லாம் தடைசெய்யப்பட்ட துளை அளவு (குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்). பொதுமக்களுக்குக் கிடைப்பது என்.பி. போர் என்று கடைகளில் சொல்லும் தடைசெய்யப்படாத ரகம். கைத்துப்பாக்கியில் அதற்கு நடைமுறையில் .32, கொஞ்சம் .22, அவ்வளவுதான். ஆகவே அங்கே நூறு மாடல்களை வைத்துக்கொண்டு அலசுகிற கேள்வி இங்கே நாலைந்தில் முடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் கேள்விகள் வேறு: உரிமம் கிடைக்குமா, வேட்டி கட்டுகிறவர் அதை எங்கே வைப்பது, ஏற்காட்டு மூடுபனியில் துருப்பிடிக்காமல் எப்படிக் காப்பது, எந்தத் தோட்டாவை நம்புவது. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகும்.

துப்பாக்கிக்கு முன்னால் உரிமம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் அடிப்படை. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். சேலம் மாநகர எல்லைக்குள் குடியிருந்தால் உரிமம் வழங்கும் அதிகாரி மாநகரக் காவல் ஆணையர். ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் என்றால் மாவட்ட ஆட்சியர். எஸ்டேட் ஏற்காட்டில், வீடு அஸ்தம்பட்டியில் என்று இரண்டு இடத்திலும் கால் வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. அவர்கள் நிரந்தர முகவரிச் சான்று எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் இன்னொன்று என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். விசாரணைக்கு வரும் போலீஸ்காரர் பார்க்கும் முதல் விஷயம் அது.

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். அடையாள, முகவரிச் சான்றுகள், புகைப்படம், உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதற்கான மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான சான்று, வீட்டில் ஆயுதத்தைப் பத்திரமாக வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழி ஆகியவை கூடவே போகும். பிறகு காவல் நிலையம், உட்கோட்டம், வருவாய்த் துறை என்று கோப்பு சுற்றும். உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா, பங்காளித் தகராறு இருக்கிறதா, குடித்துவிட்டு ரகளை செய்த பேர் இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். இதில் எரிச்சல்பட ஒன்றுமில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. 13ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழவழப்புத் துளைத் துப்பாக்கி, அதாவது நம் ஊரில் இரட்டைக்குழல் என்று சொல்லும் 12 போர், கேட்பவருக்குச் சட்டம் கொஞ்சம் இளக்கமாக இருக்கிறது. ரிவால்வர், பிஸ்டல் கேட்டால் “தக்க காரணம்” இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். எஸ்டேட் பங்களாவில் தனியாக இருக்கிறோம், ராத்திரி பயமாக இருக்கிறது என்பது 12 போருக்குப் போதுமான காரணமாகலாம். கைத்துப்பாக்கிக்கு அது போதாது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கட்டிகளைப் பட்டறைக்கும் கடைக்கும் கொண்டுபோகிறவர், லீ பஜாரில் மொத்த வியாபாரம் செய்து பணத்தோடு இரவில் திரும்புகிறவர், மிரட்டல் வந்து புகார் கொடுத்தவர் போன்றோர் ரசீதுகள், வங்கி வரவு செலவு, வருமான வரிக் கணக்கு, புகாரின் மனு ரசீது, முதல் தகவல் அறிக்கை என்று காகிதமாகக் காட்ட முடியும். “அந்தஸ்துக்கு” என்று மனதில் இருந்தால் விண்ணப்பிக்காமல் இருப்பதே மேல். வீட்டுக் காவல்தான் நோக்கம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொண்டு 12 போர் வாங்குங்கள், ஒரு நல்ல நாய் வளருங்கள். என் அபிப்பிராயத்தில் மலையில் தனி வீட்டுக்குக் கைத்துப்பாக்கியைவிட இவை இரண்டும் எவ்வளவோ உபயோகம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். உரிமத்தின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மலைக் கிராமங்களில் பரம்பரையாகக் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் இதேதான். தாத்தா காலத்தது, பரணில் சும்மா கிடக்கிறது என்ற விளக்கம் எடுபடாது. போலீஸ் அவ்வப்போது ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கும்போது கொடுத்துவிடுவதுதான் புத்தி.

காட்டெருமைக்கு என்று நினைத்தால்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை இறங்குவது இப்போது சாதாரணம். காலையில் வேலைக்கு வரும் ஆட்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அதற்காகக் கைத்துப்பாக்கி கேட்பது இரண்டு வகையில் தப்பு. காட்டெருமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பு உள்ளவற்றில், இருக்கும் விலங்கு. இன்னொன்று, .32 தோட்டா ஒரு டன் எடைக்கு நெருங்கும் மிருகத்தை நிறுத்தாது. வலியில் அது உங்கள் மேல் திரும்பும். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, விலகி வழிவிடுங்கள்.

மறைத்து வைப்பதை விதியே கேட்கிறது

அமெரிக்காவில் மறைத்து எடுத்துச்செல்வது ஒரு தேர்வு. சில மாநிலங்களில் அதற்கென்றே தனி அனுமதி. இங்கே அப்படிப் பிரிவு கிடையாது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் அதற்கென்று செய்த உறையில், உடம்போடு சேர்த்தோ பைக்குள்ளோ, முழுக்க மூடியபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. வெளியில் காட்டுவதும் ஆட்டுவதும் குற்றம். கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டி, “லைசென்ஸ் இருக்கு” என்று சொல்லும் சினிமா பாணி உங்கள் உரிமத்தை 17ஆவது பிரிவின் கீழ் ரத்துசெய்வதற்கான நேர் வழி.

இந்த விதியிலிருந்துதான் துப்பாக்கியின் அளவு முடிவாகிறது. முதலில் உடை, பிறகு உறை, கடைசியில் துப்பாக்கி என்று போங்கள். பலர் தலைகீழாகப் போய், வாங்கிய துப்பாக்கியை ஒரு வாரம் கட்டிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

பேன்ட் போடுகிறவருக்குச் சிக்கல் குறைவு. ஒன்றரை அங்குல அகலமுள்ள, வளையாத தோல் பெல்ட் வேண்டும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஆபீஸ் பெல்ட் 700 கிராம் எடையில் ஒரு பக்கம் தொங்கிவிடும். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், பேன்ட்டுக்கு உள்பக்கமாக உறை. மேலே சட்டையை வெளியே விட வேண்டும். சேலத்து வெயிலில் போடும் மெல்லிய வெள்ளைச் சட்டையில் கருப்புக் கைப்பிடி அப்படியே தெரியும். கட்டம் போட்ட, சற்றுத் தளர்ந்த அரைக்கைச் சட்டை போதும்; கோட்டு வேண்டாம், மே மாதத்தில் கோட்டு போட்டவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வேட்டி கட்டுகிறவர் பாடு வேறு. மடிப்பில் செருகுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பைக்கிலிருந்து இறங்கும்போது, வேட்டியை மடித்துக் கட்டும்போது நழுவி விழும். நம் பக்கத்து விவசாயிகளும் வியாபாரிகளும் கட்டும் பச்சை பெல்ட் பார்க்க உறுதியாக இருந்தாலும் அதன் பர்ஸ் உறை ஆகாது, ட்ரிகரை மூடாது. வேட்டிக்கு அடியில் டவுசர் போட்டு அதன் மேல் கெட்டியான பெல்ட்டில் உறையை மாட்டலாம். வெளியே வேலை இருக்கும் நாளில் பேன்ட்டுக்கு மாறிவிடுவது அதைவிட நல்லது. சேலை கட்டும் பெண்களுக்குக் கைப்பையில் தனி அறையும் அதற்குள் உறையும் இருந்தால் ஒழிய வழியில்லை. அதிலும் பையைப் பறித்தால் துப்பாக்கியும் போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது. குறுக்காக மாட்டும் வார் உள்ள பைதான் ஓரளவு சரி.

உறையில் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். ட்ரிகர் வளையம் முழுக்க மூட வேண்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் துப்பாக்கி விழக் கூடாது (வெறும் துப்பாக்கியை வைத்து, மெத்தை மேல் உலுக்கிப் பாருங்கள்). துப்பாக்கியை எடுத்த பிறகு வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். சுருங்கினால் திரும்ப வைக்கும்போது உறையின் தோல் விளிம்பே ட்ரிகரில் மாட்டி இழுத்துவிடும். தற்செயலாக வெடித்துத் தொடையில் பாயும் சம்பவங்கள் பெரும்பாலும் உருவும்போதும் திரும்ப வைக்கும்போதும்தான் நடக்கின்றன.

எந்தத் துப்பாக்கி

புதிதாக வாங்குவதில் பெரும்பகுதி அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு. 2021 அக்டோபரில் பழைய ஆர்டினன்ஸ் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் நிறுவனத்துக்குப் போயின. தோட்டாக்கள் புனேயிலுள்ள முனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போயின. தனியாரில் உத்தரப் பிரதேசத்தில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரில் .32 ரிவால்வர் செய்கிறார்கள். வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது 1980களிலேயே சாதாரண ஆளுக்கு மூடிய கதவு. அதற்கு முன் வந்த வால்தர், கோல்ட், வெப்ளிகள் கை மாறிக்கொண்டிருக்கின்றன, லட்சங்களில்.

கான்பூரின் பழைய .32 ரிவால்வர், பிரிட்டிஷ் வெப்ளியின் வம்சம். நடுவில் ஒடித்துத் திறக்கும், ஆறு தோட்டா, மூன்று அங்குலக் குழல். முரட்டு வேலை, கெட்டியான ட்ரிகர், ஆனால் எளிதில் கெடாது. நிர்பீக் 2014இல் பெண்களுக்கென்று விளம்பரத்தோடு வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம், அதே .32, ஆறு தோட்டா. வந்தபோது விலை 1.22 லட்சம். 2023 ஆகஸ்டில் வந்த பிரபல், சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள உருளை) பக்கவாட்டில் திறக்கும் முதல் உள்நாட்டு ரிவால்வர் என்ற பெயரோடு வந்தது. தோட்டா இல்லாமல் 700 கிராம், 76 மி.மீ. குழல், மொத்த நீளம் ஏறத்தாழ 178 மி.மீ. .22இல் 250 கிராம் எடையுள்ள நிடர் என்ற குட்டி ரிவால்வர் இருக்கிறது. பிஸ்டல் என்றால் .32 ஏ.சி.பி. தோட்டா போடும் அஷானி.

எடை குறைந்தால் சுமப்பது சுகம், சுடுவது கஷ்டம். நிர்பீக்கை இடுப்பில் வைத்தது தெரியாது. ஆனால் சுட்டால் பிரபலைவிடத் துள்ளும். .32 மென்மையான தோட்டா என்பதால் தாங்கக்கூடிய துள்ளல்தான். பழக்கமில்லாத கைக்கு இரண்டாவது குண்டு மேலே போய்விடும். தினமும் கட்டுபவர், மெலிந்த உடம்புக்காரர், பெண்கள் நிர்பீக்கைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு பிரபல். மாதமொரு முறை பயிற்சிக்குப் போவேன் என்று உறுதியாக இருப்பவருக்குப் பழைய கான்பூர் ரிவால்வரே போதும், விலையும் குறைவு. நிடரை நான் யாருக்கும் சொல்வதில்லை. .22 தோட்டா விளிம்பில் அடித்து வெடிக்கும் ரகம், நடுவில் அடித்து வெடிக்கும் .32ஐவிட வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். அதன் வலுவும் சொற்பம்.

ரிவால்வரா பிஸ்டலா என்ற பழைய சண்டைக்கு இங்கே என் பதில் ரிவால்வர். அஷானி தட்டையாக இருப்பதால் சட்டைக்கு அடியில் நன்றாக மறையும், தோட்டாவும் கூட. ஆனால் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் பிஸ்டலில் மேகசினை (கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாக் கூட்டை) தட்டி, மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, வெடிக்காததை வெளியே தள்ளிப் புதியதை ஏற்ற வேண்டும். இது கைப்பழக்கமாக வர ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். நம் உரிமத்தில் ஆண்டுக்கு எழுதித் தரும் தோட்டாக் கணக்கில் அந்தப் பழக்கம் வராது. ரிவால்வரில் ட்ரிகரை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். தவிர, மாதக்கணக்கில் தோட்டா நிரப்பியே வைத்திருந்தாலும் ரிவால்வரில் சுருள்வில் அழுந்திக் கிடப்பதில்லை.

விலையைக் கேட்கும்போது வரி சேர்த்தா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 40 சதவீதமாகிவிட்டது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

கடையில் முதல் வேலை, சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. கடைக்காரர் பார்த்துவிட்டுத் தந்தாலும் நீங்கள் மறுபடி பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் வேறு கடை.

கைப்பிடியில் சுண்டுவிரல் பதிகிறதா என்று பாருங்கள். பிறகு, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துக் குறிவைத்து, சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்காமல் ட்ரிகரை மட்டும் நிதானமாக இழுங்கள். முன் குறிமுள் கடைசி நொடியில் ஒரு பக்கம் சரிகிறதா? உள்நாட்டு ரிவால்வர்களின் ட்ரிகர் கனம். விரல் நுனியால் முடியாமல் முதல் கணு மடிப்பு வரை போட்டு இழுக்க வேண்டியிருக்கும். அப்படி இழுத்தும் ஐந்தாறு முறையில் கை நடுங்கினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு ஆகாது, எவ்வளவு பிடித்திருந்தாலும். ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று ட்ரிகர் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ட்ரிகரை முழுக்க இழுத்துப் பிடித்த நிலையில் சிலிண்டரை விரலால் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை; கடகடவென்று ஆடினால் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்கவில்லை என்று அர்த்தம், சுடும்போது ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் கோளாறு ஒரே ஒரு அறையில் இருக்கலாம். குழலின் வாய் விளிம்பில் நசுங்கல் இருக்கக் கூடாது. ஒடித்துத் திறக்கும் ரகத்தில் மேல்பூட்டு இறுக்கமாக விழுகிறதா, கீல் பக்கம் இடைவெளி தெரிகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

பழையதை ஒருவரிடமிருந்து வாங்கினால் இதே சோதனைகள், கூடவே காகிதம். விற்பவர் மாவட்ட அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கை மாற்ற முடியும். உரிமத்திலுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மிகப் பழைய ரிவால்வர்களில் சுத்தியல் தோட்டாவின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே நிற்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். அப்படிப்பட்டதில் ஐந்து மட்டும் போட்டு, சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவது பழைய ஆட்களின் வழக்கம்; இன்றும் அதுதான் சரி.

வாங்கியதும் உரிமம் கொடுத்த அலுவலகத்தில் துப்பாக்கியைக் காட்டி எண்ணைப் பதியவேண்டும். அந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தோட்டா

இரண்டு .32கள் இருக்கின்றன, இரண்டும் வேறு. ரிவால்வருக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். பின்னால் விளிம்பு புடைத்திருக்கும். பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., 7.65 எம்.எம். என்றும் சொல்வார்கள், குட்டை, விளிம்பு இலேசாகத்தான் புடைத்திருக்கும். ஆபத்து எங்கே என்றால், ஏ.சி.பி. தோட்டா ரிவால்வரின் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் அழுத்தம் அதிகம், பழைய ரிவால்வர் அதற்காகச் செய்ததல்ல. பெட்டியின் மேலட்டையை மட்டும் பார்க்காமல், தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வலுவில் இரண்டும் ஏறக்குறையப் பக்கத்தில்தான். லாங் குண்டு சுமார் 6.3 கிராம், நொடிக்கு 215 மீட்டர் வேகம், ஏறக்குறைய 145 ஜூல் ஆற்றல். ஏ.சி.பி. 4.6 கிராம், 275 மீட்டர், 175 ஜூல். 9 எம்.எம்.இல் இதைப் போல இரண்டரை மூன்று மடங்கு. இந்தக் குறையைத் தோட்டா மாற்றிச் சரிக்கட்ட முடியாது. அமெரிக்க வழிகாட்டிகளில் பக்கம் பக்கமாக வரும் விரியும் குண்டு நம் கடை அலமாரியில் கிடையாது. கிடைப்பது உருண்டை மூக்குள்ள ஈயமோ உலோக உறை போட்டதோதான். கிடைத்தாலும் .32 வேகத்தில் அது ஒழுங்காக விரியும் என்ற நம்பிக்கை இல்லை. ஆகவே இங்கே நல்ல தோட்டா என்றால் தவறாமல் வெடிக்கிற தோட்டா. துப்பாக்கியின் விளம்பரத்தில் 50 மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது ஐந்தாறு மீட்டர், அதாவது ஒரு கடையின் கல்லாவிலிருந்து வாசல்படி வரை. அந்தத் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் ஆறும் விழுந்தால் போதும்.

கடையில் பெட்டி திறந்திருக்கக் கூடாது. தயாரித்த ஆண்டும் வரிசை எண்ணும் பெட்டியில் இருக்கும். கிடைப்பதில் புதியதை, எல்லாம் ஒரே வரிசை எண்ணில், கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் உருட்டிப் பாருங்கள்: பித்தளையில் பச்சைப் பூப்பு, கழுத்தில் கீறல், உள்ளே அமுங்கிய குண்டு, மேலெழும்பிய கேப் (தோட்டாவின் அடியில், சுத்தியல் அடித்து வெடிக்கும் சின்ன வட்டம்) இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கேப் கொஞ்சம் மேலெழும்பியிருந்தால் ரிவால்வரின் சிலிண்டரே சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். வாங்கிய ஆறு தோட்டாவையும் ஒவ்வொரு அறையிலும் போட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பது அதற்காகத்தான். இதைத் துப்பாக்கியைப் பாதுகாப்பான பக்கம் காட்டி, விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க, செய்ய வேண்டும்.

எத்தனை தோட்டா ஒரே சமயத்தில் வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். அதை இப்படிப் பிரியுங்கள்: சுமப்பதற்கு ஆறும் மாற்றுக்கு ஆறும் தனி, மற்றதெல்லாம் பயிற்சிக்கு. பயிற்சி அனுமதி பெற்ற ரைபிள் கிளப்பின் சுடுதளத்தில்தான். எஸ்டேட்டில் பாட்டில் வைத்துச் சுடுவது வேண்டாம். பாறையில் பட்டுத் திரும்பும் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ட்ரிகர் இழுத்து வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். முப்பது நொடி சுடுதளத்தின் பக்கமே காட்டிக்கொண்டு காத்திருங்கள், தாமதமாக வெடிப்பது உண்டு. வெற்றுத் தோட்டாக்களைப் பெட்டியில் சேர்த்து வையுங்கள், கணக்குக் கேட்டால் காட்டலாம்.

சுமந்த ஆறு தோட்டாவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்டுப் பட்டு அவை களைத்திருக்கும். இதில் ஒன்று வெடிக்காவிட்டால்கூட அந்த வரிசை எண் முழுவதையும் பயிற்சிக்குத் தள்ளிவிடலாம்.

பனியும் வெயிலும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். வடகிழக்குப் பருவத்தில் நாள் கணக்கில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். அலமாரியில் மடித்து வைத்த கம்பளி ஈரமாக இருக்கும். சேலத்தில் வெயிலில் நிறுத்திய காரில் சூடேறிய துப்பாக்கி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மலைக் குளிருக்குள் போவதும், குளிர்ந்த துப்பாக்கி புழுக்கமான சேலத்துக்கு இறங்குவதும் வாரம் ஒரு முறை நடக்கும். இறங்கும்போதுதான் கவனம்: குளிர்ந்த இரும்பின் மேல் ஈரம் படியும், சிலிண்டருக்குள்ளும் குழலுக்குள்ளும். வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுத்து, துணியால் துடைத்து, அரை மணி காற்றாட விட்டு, பிறகு எண்ணெய்.

தோல் உறையில் துப்பாக்கியை வைத்தபடியே பீரோவில் வைப்பதுதான் மலையில் துப்பாக்கியைக் கெடுக்கும் பழக்கம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் தோல் தொட்ட இடமெல்லாம் காப்பிப் பொடி தூவியது போலத் துரு. தோல் வாரில் செருகிய தோட்டாக்களில் பச்சைப் பூப்பு. வீட்டில் உறை வேறு, துப்பாக்கி வேறு. துப்பாக்கிக்கு இறுக மூடும் எஃகுப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பை. அதன் மணிகள் நிறம் மாறினால் அடுப்பருகே சூடாக்கி மறுபடி போடலாம். எண்ணெய் துணியில் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும். வழியவழியப் போட்டால் அது கசிந்து தோட்டாவின் கேப்புக்குள் போய் மருந்தைக் கெடுக்கும். தோட்டா தனிப் பெட்டி, தனிப் பூட்டு. சாவி உங்களிடம், குழந்தைகள் உள்ள வீட்டில் “அவனுக்கு எங்கே இருக்குனே தெரியாது” என்று யாரும் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் துப்பாக்கியைச் சிலகாலம் கடைக்காரரிடமோ காவல் நிலையத்திலோ முறையாக ஒப்படைத்துவிடுங்கள்.

எங்கே, எப்போது வேண்டாம்

குடிக்கும் நாளில் வேண்டாம். கோர்ட், கலெக்டர் ஆபீஸ், அரசியல் கூட்டம், கோடைவிழாக் கூட்டம், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா எதற்கும் வேண்டாம். துப்பாக்கியில்லாப் பகுதி என்று அறிவித்த இடம் எதற்கும் கூடாது. தேர்தல் அறிவித்ததும் உரிமதாரர்களுக்கு ஒப்படைக்கச் சொல்லி ஆணை வரும். ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். உரிமத்தில் செல்லுபடியாகும் பரப்பு என்று ஒரு வரி இருக்கும். தமிழ்நாடு என்று இருந்தால் ஓசூரோடு சரி. சேலத்துக்காரருக்கு பெங்களூரு அடிக்கடி போகிற ஊர் என்பதால் இதைச் சொல்கிறேன்: அத்திப்பள்ளியைத் தாண்டினால் அதே துப்பாக்கி உரிமமில்லாத துப்பாக்கி. காமலாபுரத்தில் விமானம் ஏறுவதானால் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லி, காலியாக, பெட்டியில் போட வேண்டும். கைப்பையில் ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் வழக்கு.

எடுத்துச் சுடும் உரிமை எதுவரை என்பதையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. அதிகாரிகளின் உதவியைப் பெற நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. தேவைக்கு மேல் காயப்படுத்தவும் கூடாது. உயிர் போகும் அளவுக்குப் போகக்கூடிய சூழல்களை 38, 41 பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சொல்கின்றன: கொலை அல்லது கொடுங்காயம் பற்றிய நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், கொள்ளை போன்றவை. பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனை நோக்கிச் சுட்டால் பிறகு வழக்கில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் தவறிய குண்டு அடுத்த கடைக்காரர் மேல் பட்டாலும் அப்படித்தான்.

துப்பாக்கி தொலைந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு மாறினாலும் அதிகாரி மாறுகிறார். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் இரண்டு மாதம் முன்பாகவே குறித்து வையுங்கள். மருத்துவச் சான்றுக்கும் காவல் துறை அறிக்கைக்கும் அந்த அவகாசம் வேண்டும். கெடு தாண்டிய மறுநாளே உங்கள் கையிலிருப்பது சட்டத்தின் கண்ணில் உரிமமில்லாத ஆயுதம், அதை உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும்.